தட்டினால் எரியும் டார்ச்: கோளாறு எங்கே?

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட நாள். மின் கம்பங்கள் சாய்ந்து, எங்கள் நாகர்கோவில் பக்கமெல்லாம் கரண்ட் இல்லை. அன்று இரவு, ஓட்டு இடுக்கு வழியாகக் கம்ப்யூட்டர் மேஜையில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. அவசரமாக அலுமினிய டார்ச்சை எடுத்தேன். எரியவில்லை. புது பேட்டரி போட்டேன். அப்போதும் எரியவில்லை.

“மக்ளே, ரெண்டு தட்டு தட்டிப் பாரு” என்றார் அம்மா. தட்டினேன், எரிந்தது. இரண்டே நொடியில் அணைந்தது. கடைசியில் இருட்டில் தடவித் தடவித்தான் சிபியூ பெட்டியைக் கட்டிலுக்கு மாற்றினேன்.

தட்டினால் எரிகிறது என்றால் பல்பும் பேட்டரியும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. குறை ‘லூஸ் காண்டாக்ட்’தான்.

உடம்பே ஒயர்

அலுமினிய டார்ச்சில் தனி ஒயர் கிடையாது. பேட்டரியின் பாசிட்டிவ் முனை எல்இடியைத் தொடும். நெகட்டிவ் முனையிலிருந்து பாதை பின்மூடி, சுவிட்ச், குழாயின் உடம்பு வழியாக எல்இடிக்குப் போகிறது.

ஆனால் அந்த உடம்பின் மேல் இருக்கும் கறுப்பு நிறம் பெயின்ட் அல்ல. அமிலக் கரைசலில் மின்சாரம் செலுத்தி வளர்த்த அலுமினிய ஆக்சைடு படலம். அதில் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். இதுதான் அனோடைசிங். மாணிக்கக் கல்லும் அடிப்படையில் இதே பொருள்தான். எளிதில் கீறல் விழாது, ஆனால் மின்சாரமும் கடத்தாது. எனவே பின்மூடி வந்து அமரும் குழாய் விளிம்பு மட்டும் வெள்ளி நிறத்தில் வெறும் உலோகமாக இருக்க வேண்டும். என் டார்ச்சில் விளிம்பு பாதி கறுப்பு. மீதிப் பாதியில் அழுக்கு.

சரி செய்வது எப்படி?

1. பேட்டரியைக் கழற்றுங்கள். ஆல்கலைன் பேட்டரி கசிந்து வெள்ளைப் பொடி இருந்தால், பஞ்சில் சிறிது வினிகர் தொட்டுத் துடைத்து, ஈரத் துணியால் மறுபடி துடைத்துக் காய விடுங்கள்.

2. பேட்டரியைப் போட்டு, பின்மூடி இல்லாமல், ஒரு ஊக்கால் பேட்டரியின் அடிப்பகுதியையும் குழாய் விளிம்பின் வெள்ளிப் பகுதியையும் இணையுங்கள். எரிந்தால் குறை பின்மூடியிலோ விளிம்பிலோ இருக்கிறது. எரியாவிட்டால் தலைப்பகுதியைப் பாருங்கள். சாதாரண 1.5 வோல்ட் பேட்டரிக்கு மட்டுமே இந்தச் சோதனை. லித்தியம் பேட்டரியில் செய்ய வேண்டாம்.

3. பல டார்ச்சுகளில் பின்மூடிக்குள் இரண்டு பள்ளம் உள்ள வளையம் சுவிட்சைப் பிடித்திருக்கும். தளர்ந்திருந்தால் டுவீசர் முனையால் இறுக்குங்கள்.

4. மறுபடி பேட்டரியைக் கழற்றிவிட்டு, விளிம்பை 400 எண் வாட்டர் பேப்பரால் வெள்ளி நிறம் வரும்வரை தேயுங்கள். மரையைத் தேய்க்க வேண்டாம். உலோகத் தூளை முழுவதும் துடைத்து விடுங்கள். உள்ளே விழுந்தால் ஷார்ட் ஆகலாம்.

5. ரப்பர் வளையத்தில் மட்டும் சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவுங்கள். தண்ணீரும் உப்புக் காற்றும் உள்ளே போகாது.

கம்ப்யூட்டரிலும் இதே கதை

ரேம் சரியாகத் தொடாவிட்டால் பல கம்ப்யூட்டர்கள் பீப் ஒலி எழுப்பி நின்றுவிடும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, மெல்லிய அழிரப்பரால் அதன் முனைகளை மென்மையாகத் துடைத்து மறுபடி பொருத்துங்கள். இங்கே வாட்டர் பேப்பர் கூடவே கூடாது. முனையிலுள்ள மெல்லிய தங்க முலாம் போய்விடும். ஆன்டி ஸ்டாடிக் கைப்பட்டையின் கிளிப்பையும் பெயின்ட் அல்லது அனோடைஸ் செய்த பகுதியில் மாட்டாதீர்கள். வெறும் உலோகத்தில் மாட்டினால்தான் பலன்.

எங்கள் மாவட்டத்துக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். ஒவ்வொன்றும் தொடங்குமுன் டார்ச் விளிம்பை ஒருமுறை துடைத்து, எரிய வைத்துப் பார்த்துவிடுகிறேன். ஐந்து நிமிட வேலைதான். நீங்களும் இன்றே பார்த்து விடுங்கள்.