கையில் ஒரு தொழில் – 9: உளி பிடிக்க ஒரு பட்டம்

சதுரங்கப்பட்டினத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளையிடம் "அடுத்து என்ன?" என்று கேட்டால், பிள்ளை வாய் திறப்பதற்குள் வீட்டிலிருந்து பதில் வந்துவிடும்: கல்பாக்கம். 1971-ல் தொடங்கிய அணு ஆராய்ச்சி மையமும், 1984-ல் வணிக உற்பத்திக்கு வந்த அணுமின் நிலையமும் ஊரை ஒட்டியே இருக்கும்போது அந்த ஆசை நியாயமானதுதான். ஐ.டி.ஐ. முடித்து அப்ரன்டிஸாகச் சேரும் வழியைச் சென்ற வாரம் பார்த்தோம். அது கிடைக்காவிட்டால், கடன் வாங்கியாவது ஓர் இன்ஜினீயரிங் காலேஜ். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் வடக்கே போனால் வரும் மாமல்லபுரம் அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியின் பெயர் பல வீடுகளில் பேச்சில்கூட அடிபடுவதில்லை. எனக்கு இது பெரிய மனக்குறை.

அந்தக் கல்லூரி பிறந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 1953-ல் ராஜாஜி அரசு கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று நாடே கொதித்தது. 1954-ல் முதல்வரான காமராஜர் வந்த வேகத்தில் அதை நிறுத்தினார். அவரது ஆட்சியிலேயே, 1957-ல், மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அப்பாவிடமிருந்து மகனுக்குப் போய்க்கொண்டிருந்த வித்தைக்கு அரசு வகுப்பறை கட்டியது. சிற்பி வீட்டில் பிறக்காத பிள்ளையும் அங்கே உளி பிடிக்கலாம். தொழிற்கல்வி என்றாலே குலக்கல்வி என்று பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்தக் கல்லூரிதான். இன்று அங்கே பாரம்பரியக் கட்டடக்கலையில் பி.டெக். இருக்கிறது, சிற்பத்திலும் ஓவியத்திலும் பி.எஃப்.ஏ. இருக்கிறது.

நிலையத்துக்கு முதலில் தலைமை ஏற்றவர் வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பின் இருபது ஆண்டுகளுக்கும் மேல் நடத்தியவர் அவர் மகன் கணபதி ஸ்தபதி. பிள்ளையார்பட்டிக்காரர், கணிதப் பட்டதாரி. 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலை, பீடத்தோடு சேர்த்து 133 அடி, அவர் வடித்துக் கொடுத்தது.

சிலை செய்ய எதற்குக் கணிதம் என்று கேட்பவர்கள் தாலக் கணக்கைப் பார்க்க வேண்டும். நவதாலம் என்றால் உருவத்தின் மொத்த உயரம் 108 பங்கு. ஒரு பங்கு ஓர் அங்குலம். பன்னிரண்டு அங்குலம் ஒரு தாலம், அதுவே முகத்தின் நீளம். இந்த அங்குலம் டேப்பில் இருக்கும் இன்ச் கிடையாது. மூன்றடி உருவம் என்றால் ஓர் அங்குலம் இன்ச்சில் மூன்றில் ஒரு பங்கு, முகம் நாலு இன்ச். ஆறடி உருவம் என்றால் முகம் எட்டு இன்ச். இதைத் தாளில் வரைந்து கை பழகிய பிறகுதான் கல்லில் கோடு விழும். எட்டாம் வகுப்பில் விகிதக் கணக்கு என்றால் ஓடிய பையன், கல்லைக் கெடுத்துவிடக் கூடாதே என்ற அக்கறையில் அதே கணக்கைப் பிழையில்லாமல் போடுவான். நம் பள்ளிகளில் இப்படி ஓர் அக்கறைக்கு எங்கே இடம் வைத்திருக்கிறோம்?

ஆனால் பட்டம் மட்டும் சோறு போடாது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வைத்து எப்படி விலை பேசுவது, கொட்டேஷன் எப்படிப் போடுவது, எவ்வளவு அட்வான்ஸ் கேட்பது என்று படிப்பை முடித்து வெளியே வருகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம் நுரையீரல். கருங்கல்லை மெஷின் வைத்து அறுக்கும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் மூச்சோடு உள்ளே போனால் சிலிகோசிஸ், வந்தால் குணமாகாது. மூக்கில் கட்டும் கைக்குட்டை இதைத் தடுக்காது. தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும், தூசி வடிக்கும் முகக்கவசம் வேண்டும். உளி பிடிக்கும் முதல் நாளே இது பாடமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஜெர்மனியில் கல்தச்சு மூன்றாண்டுப் பயிற்சித் தொழில். பட்டறையில் உதவித்தொகையோடு வேலை, இடையிடையே தொழிற்பள்ளியில் வகுப்பு. இங்கே கல்லூரியும் பட்டறைகளும் ஒரே ஊரில் இருக்கின்றன. மாணவர்கள் ஒரு பருவம் முழுக்கச் சம்பளத்தோடு பட்டறையில் இருக்கும்படி அரசு ஏற்பாடு செய்தால், விலை பேசும் பாடத்தைத் தனியாக நடத்த வேண்டியிருக்காது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கலந்தாய்வு விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். பிள்ளையை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போய்க் கல்லூரியையும், அப்படியே ஒரு பட்டறையையும் காட்டுங்கள். அதன் பிறகு கல்பாக்கமா, காலேஜா, உளியா என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.

(தொடரும்)