உங்கள் காரில் ஓஸி சவாரி செய்வது யார்?

குடும்பத்தோடு காரில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். பின் சீட்டில் குழந்தைகள். திடீரென்று உங்கள் கணுக்காலில் ஏதோ குறுகுறுவென்று ஊர்கிறது. குனிந்து பார்த்தால்... கரப்பான் பூச்சி! பார்வை ரோட்டை விட்டு விலகுகிறது. காலை உதறுகிறீர்கள். பின் சீட்டில் ஒரே அலறல்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். எதிரே வருகிற லாரி டிரைவருக்கு உங்கள் கரப்பான் பிரச்னை தெரியுமா என்ன?

"தினமும் பளபளன்னு துடைக்கிறோமே, எங்க காருல எப்படிங்க பூச்சி வரும்?" என்று கேட்பீர்கள். நாம் துடைப்பது வெளியே. பூச்சி குடியிருப்பது உள்ளே!

சரி, வந்துவிட்டது. விரட்ட வேண்டும். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். சமையலறையில் அடிக்கும் ஸ்ப்ரேயை எடுத்து வந்து காருக்குள் நாலா பக்கமும் அடித்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "ஒழிஞ்சது சனியன்" என்று போய்விடுகிறார்கள். மறுநாள் காலையில் அதே காரில் குழந்தையை உட்காரவைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏ.ஸி.யையும் போட்டு ஸ்கூலுக்குக் கூட்டிப் போகிறார்கள்!

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் உள்ளே 1000 கன அடிக் காற்று இருக்கும். சாதாரணமாக ஒரு காருக்குள் இருப்பது ஏறக்குறைய 100 கன அடிதான். ஆக, அறையில் அடிக்கிற அதே அளவு மருந்தைக் காருக்குள் அடித்தால் நெடி பத்து மடங்கு! சீட் துணி, கார்ப்பெட், ஸ்டீயரிங் எல்லாவற்றிலும் அது படிந்திருக்கும். பூச்சியோ டேஷ்போர்டுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். மருந்தைச் சுவாசிப்பது நாம்தான்.

எப்படி ஏறுகிறது?

காருக்குள் வரும் கரப்பானில் இரண்டு ரகம். ஒன்று, சாக்கடையிலிருந்து வரும் பெரிய சிவப்புக் கரப்பான். காரை நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் சாக்கடை மூடி இருந்தால், வழிதவறி ஏறிக்கொள்ளும். ஒன்றிரண்டுதான் இருக்கும்.

இன்னொன்று, வெளிர் பழுப்பு நிறத்தில், அரை அங்குல நீளத்தில், தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகளோடு இருக்குமே... அதுதான் வில்லன். 'ஜெர்மன் கரப்பான்' என்று பெயர். இது ஏறினால் இறங்காது. குடும்பம் நடத்தும்! பெண் கரப்பான் சுமக்கும் ஒரு முட்டைப் பையில் 30 முதல் 40 முட்டைகள் வரை இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு, பொரிந்து வருகிற குஞ்சுகள் இரண்டு மூன்று மாதத்தில் தாங்களும் முட்டையிடத் தயார்.

இது பெரும்பாலும் நம் கையாலேயே காருக்குள் வருகிறது. மளிகைக் கடை அட்டைப் பெட்டி, முட்டை அட்டை, ஹோட்டல் பார்சல், ரயிலில் போய் வந்த பெட்டி படுக்கை... இதெல்லாம்தான் அதற்கு டிக்கெட்!

ஏறியது ஏன் தங்குகிறது? மூன்று வசதி: சாப்பாடு, தண்ணீர், இருட்டு. குழந்தை சீட்டின் இடுக்கில் பிஸ்கட் தூள், சீட்டுக்கு அடியில் முறுக்குத் துண்டு, ஆயுத பூஜைக்குப் போட்ட பொரி, கோயில் பிரசாதத் தொன்னை... விருந்துதான் போங்கள்! தண்ணீருக்கு, சரியாக மூடாத பாட்டில், ஈரக் குடை, ஏ.ஸி. தண்ணீர் கசிந்து ஊறிக் கிடக்கும் கார்ப்பெட்.

இதில் முக்கியமானது தண்ணீர். சாப்பாடு இல்லாமல் சில வாரம்கூட ஓட்டிவிடும் கரப்பான். தண்ணீர் இல்லாவிட்டால் இரண்டு வாரம் தாண்டுவது கஷ்டம். அதனால், கார் காய்ந்திருந்தால் பாதி ஜெயித்த மாதிரி.

மூச்சுக்கு வம்பு

"அருவருப்புதானே, மத்தபடி என்ன செய்யப் போகுது?" என்று விட்டுவிடாதீர்கள். கரப்பானின் எச்சம், எச்சில், உதிர்த்த தோல் எல்லாம் தூளாகிக் காற்றில் கலக்கும். இவை அலர்ஜியைக் கிளப்பும் சமாசாரங்கள். தும்மல், மூக்கில் நீர், தோலில் அரிப்பு, வீஸிங் வரலாம்.

1997-ல் அமெரிக்காவில் ஒரு முக்கியமான ஆய்வு வெளியானது. எட்டு நகரங்களில், ஆஸ்துமா உள்ள 476 குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். கரப்பான் அலர்ஜியும் இருந்து, படுக்கையறையில் கரப்பான் தூசியும் அதிகமாக இருந்த குழந்தைகள், மற்றக் குழந்தைகளைப்போல மூன்று மடங்குக்கும் மேல் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தது. அது வீட்டைப் பற்றிய ஆய்வுதான். ஆனால், கதவும் கண்ணாடியும் மூடிய காரில், உள்காற்றையே சுற்றவிடும் பட்டனைப் போட்டுக்கொண்டு போகும்போது, அதே தூசியைத்தான் குழந்தை சுவாசிக்கிறது. வீட்டில் நன்றாக இருக்கிற குழந்தை காரில் ஏறியதும் இருமுகிறதா? காருக்குள்ளும் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்

மருந்து அப்புறம். முதலில் சுத்தம்.

காரை வெளிச்சமான, காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி, நாலு கதவையும் டிக்கியையும் திறந்து வையுங்கள். உள்ளே இருக்கும் சாமான் அத்தனையையும் வெளியே எடுங்கள். ஸ்டெப்னி டயர், ஜாக்கி, பழைய பேப்பர், குழந்தை சீட் எல்லாமும்தான். அட்டைப் பெட்டி இருந்தால் தூர எறியுங்கள். அட்டையின் மடிப்புகள் கரப்பானுக்குச் சொந்த வீடு மாதிரி.

மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு வாக்குவம் கிளீனர் போடுங்கள். வீட்டில் இல்லாவிட்டால் வாட்டர் வாஷ் கடையில் போட்டுத் தருவார்கள். பக்கத்தில் நின்று இந்த இடங்களைச் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள்: முன் சீட் நகரும் தண்டவாளம், சீட்டும் முதுகும் சேரும் இடுக்கு, பெல்ட் செருகும் ஓட்டை, கதவுப் பை, டேஷ்போர்டு பெட்டி, ஸ்டெப்னி குழி. உறிஞ்சிய குப்பையை உடனே ப்ளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி வெளியே போடுங்கள். வாக்குவத்திலேயே விட்டால், வீட்டுக்குள் போய்க் குடியேறும்!

பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் டேஷ்போர்டு, கதவு ஓரம், சீட்டின் அடிப்பகுதியைத் துடையுங்கள். மிளகுத்தூள் மாதிரி கறுப்பாகத் தெரிவது கரப்பானின் எச்சம். உலர்ந்த துணியால் தட்டினால் பறக்கும், ஈரத்துணிதான் சரி. மேட்டைக் கழுவி, முழுசாகக் காய்ந்த பிறகே போடுங்கள். கார்ப்பெட்டை அழுத்திப் பாருங்கள். கையில் ஈரம் ஒட்டினால் ஏ.ஸி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஏ.ஸி. ஃபில்டரையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். ரொம்ப அழுக்காக இருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள்.

கடுகு அளவு ஜெல்

சுத்தம் செய்த அன்று ராத்திரி, பசை தடவிய கரப்பான் அட்டையை முன் சீட்டுகளுக்கு அடியிலும் டிக்கியிலும் வையுங்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், எங்கே நடமாட்டம் அதிகம் என்று தெரிந்துவிடும். ஓட்டும்போது டிரைவர் சீட்டுக்கு அடியிலுள்ள அட்டையை மட்டும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். நகர்ந்து பிரேக் பக்கம் வந்துவிடக் கூடாது.

அந்த இடங்களில் கரப்பான் ஜெல் வைக்க வேண்டும். ஸிரிஞ்ச் மாதிரி குழாயில் கடைகளில் கிடைக்கிறது. ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் மிகச் சிறிய அளவில் கலந்த இரை இது. சாப்பிட்ட கரப்பான் உடனே சாகாது. தன் இடுக்குக்குத் திரும்பிப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் செத்த உடலையும் தின்னும் மற்றவையும் காலி! நம் கைக்கு எட்டாத இடத்துக்கு மருந்தை அதுவே எடுத்துப் போகிறது. நெடி இல்லை, புகை இல்லை.

கையுறை போட்டுக்கொண்டு, கடுகு அல்லது உளுந்து அளவுக்குப் பொட்டுப் பொட்டாக வையுங்கள். காரிலேயே நேராக வைக்காமல், சின்ன அட்டைத் துண்டில் வைத்து, டேப்பால் சீட்டின் அடிச்சட்டத்தில் ஒட்டிவிட்டால் பிறகு எடுப்பது சுலபம். ஏ.ஸி. காற்று வரும் இடத்திலும், குழந்தை, நாய்க்குட்டி தொடும் இடத்திலும் வைக்கவே கூடாது. ஜெல் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஸ்ப்ரே அடித்தால், கரப்பான் அந்த இரையைத் தொடாது. காசு வீண்.

ஓரிரு வாரத்தில் நடமாட்டம் குறையும். அதோடு விட்டுவிடாதீர்கள். முட்டைப் பைக்குள் இருப்பவை பிறகுதானே வெளியே வரும்? பழையதை எடுத்துவிட்டு, மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொரு முறை வையுங்கள்.

எறும்பு, கொசு, மூட்டைப்பூச்சி

எறும்பா? மரத்தடியில் நிறுத்துகிறீர்களா, பாருங்கள். டயர் வழியாகவோ, காரைத் தொடும் கிளை வழியாகவோ வரிசையாக ஏறும். நிறுத்தும் இடத்தை மாற்றுங்கள். வரிசை போன தடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். முன்னால் போன எறும்பு விட்ட வாசனையைப் பிடித்துத்தான் பின்னால் வருவது வருகிறது. வாசனை போனால் வரிசையும் போச்சு!

கொசுவா? கிளம்பும்போது கதவுகளை ஒரு நிமிஷம் திறந்து வைத்து, கால் வைக்கும் இடத்திலும் சீட்டுக்குப் பின்னாலும் துண்டால் விசிறுங்கள். இருட்டான மூலைகளில்தான் ஒளிந்திருக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. அதனால் காலையில் ஸ்கூலுக்குப் போகும்போதும் அலட்சியம் வேண்டாம். காருக்குள் கொசுவர்த்தி, சாம்பிராணி, கற்பூரம் கொளுத்துவது கூடவே கூடாது. சீட் பஞ்சில் ஒரு பொறி பட்டால் என்ன ஆகும்?

மூட்டைப்பூச்சியா? லாட்ஜிலிருந்தோ ரயிலிலிருந்தோ பெட்டியோடு வந்திருக்கும். அதன் சாப்பாடு நம் ரத்தம். பொரியைக் கூட்டினால் மட்டும் போகாது. சீட்டின் தையல் ஓரமெல்லாம் வாக்குவம் போட்டு, அனுபவமுள்ளவரைக் கொண்டு சூடான நீராவி கொடுப்பது நல்லது. "வெயில்ல நிறுத்தினா தானா செத்துடும்" என்பதை நம்பாதீர்கள். மேலே கொதித்தாலும், சீட்டுக்குள் அவ்வளவு சூடு இறங்காது.

வெயில் என்றதும் ஒரு விஷயம். மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெளிச் சூட்டைவிட 20 டிகிரி செல்ஷியஸ்கூட அதிகமாகிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பூச்சி சாகாத அந்தச் சூடு, குழந்தையின் உயிரைப் பறிக்கும். "ரெண்டே நிமிஷம்" என்றுகூடக் குழந்தையைத் தனியே விட்டுப் போகாதீர்கள்.

இவை வேண்டவே வேண்டாம்

* பாச்சை உருண்டை: ஏ.ஸி. ஓட்டைக்குப் பக்கத்தில் போட்டு வைக்கிறவர்கள் உண்டு. 'ஜி6பிடி' என்ற என்ஸைம் பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு நாப்தலின் நெடி பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். ரத்தசோகையும் மஞ்சள்காமாலையும் வரலாம்.

* ஸ்ப்ரே டப்பாவைக் காரிலேயே வைப்பது: பல டப்பாக்களில் மருந்தை வெளியே தள்ளுவது தீப்பற்றும் வாயு. வெயிலில் நிற்கும் காரில் வெடிக்கலாம். ஸ்ப்ரே அடித்த காருக்குள் கொசு பேட்டைத் தட்டுவதும் ஆபத்து.

* கரப்பான் சாக்பீஸ்: நிஜச் சாக்பீஸ் என்று குழந்தை எடுத்துவிடும்.

* தானிய மூட்டைக்குப் போடும் மாத்திரை: அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலுள்ள ஈரம் பட்டாலே விஷ வாயு கிளம்பும். யார் இலவசமாகக் கொடுத்தாலும் காருக்குள்ளோ வீட்டுக்குள்ளோ விடாதீர்கள்.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டுக்குள் வைத்த மருந்தின் நெடியைச் சுவாசித்து இரண்டு குழந்தைகள் இறந்துபோனதாகச் செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? ஒரு வீட்டுக்கே அந்தக் கதி என்றால், கார் எம்மாத்திரம்!

பூச்சி மருந்து அடிக்கிற ஆளைக் கூப்பிட்டால், கூச்சப்படாமல் கேளுங்கள்: "மருந்தோட பேர் என்ன? ஜெல்லா, ஸ்ப்ரேயா? எத்தனை மணி நேரம் கழிச்சு உட்காரலாம்?" பேரைச் சொல்லத் தயங்கினால், நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

மருந்து பட்டுவிட்டால்...

நெடி ஏறித் தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால், உடனே காரை விட்டு வெளியே நல்ல காற்றுக்கு வந்துவிடுங்கள். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரால் 15 நிமிஷம் கழுவுங்கள். தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கும் பாட்டி வைத்தியம் கூடாது. 108-க்கு போன் செய்யுங்கள். மருந்து டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

கடைசியாக ஒரு வீட்டுச் சட்டம். காருக்குள் சாப்பிடக் கூடாது என்றால் குழந்தைகள் கேட்கமாட்டார்கள், நாமும்தான்! அதனால் இப்படி வையுங்கள்: சாப்பிடலாம், ஆனால் இறங்கும்போது ஒவ்வொருத்தரும் அவரவர் குப்பையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். அப்பாவுக்கும் சேர்த்துத்தான் இந்தச் சட்டம்!