பாவித்த மிக் வெல்டர் வாங்குவோர் கவனத்திற்கு

ஊரிலே மண்வெட்டி தேய்ந்தாலும் கத்தி முறிந்தாலும் கம்மாலைக்குக் கொண்டுபோனோம். கொல்லர் உலையை ஊதிச் சம்மட்டியால் அடித்து, சில ரூபாக்களுடன் அலுவலை முடித்துத் தந்தார். இந்நாட்டிலோ படலையின் பிணைச்சல் ஒன்று உடைந்தால், திருத்தும் கூலி புதுப் படலையின் விலையைத் தொட்டுவிடுகிறது. ஆகவேதான் கிளென்ஃபீல்டிலும் அயலிலும் வாழும் எம்மவரிற் சிலர், கராஜின் ஒரு மூலையில் வைத்துப் பாவிக்கக்கூடிய சிறிய மிக் வெல்டர் ஒன்றைப் பழையதாகவேனும் வாங்க எண்ணுகின்றனர்.

நல்ல எண்ணந்தான். 1990 ஆம் ஆண்டிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாம். கருவியைக் கண்டு அஞ்சுபவர்கள் அல்லர். ஆயினும் இக்கருவிக்கு ஒரு குணம் உண்டு. அது கண்ணை ஏமாற்றும். வாங்கும்போதும் ஏமாற்றும், ஒட்டும்போதும் ஏமாற்றும்.

ஏமாற்றுவது எவ்வாறு?

மிக் முறை 1948 இல் அமெரிக்காவின் பற்றெல் ஆய்வு நிறுவனத்தில், முதலில் அலுமினியத்தை ஒட்டுவதற்கென உருவாக்கப்பட்டது. 1953 இல் சோவியத் ஒன்றியத்தில் மலிவான காபனீரொட்சைட்டு வாயுவைக் கொண்டு உருக்கை ஒட்டும் வழி கண்டறியப்பட்ட பின்னர் செலவு குறைந்தது. ரோர்ச்சின் விசையை அழுத்தியதும் சுருளிலிருந்து மெல்லிய கம்பியை மோட்டார் தள்ளுகிறது. கம்பி நுனியில் மின்வில் எழுந்து கம்பியை உருக்குகிறது. உருகிய உலோகத்தைக் காற்றுத் தீண்டாதவாறு வாயு மூடிக் காக்கிறது.

பழைய குச்சி வெல்டிங்கில், பழகாதவர் தொட்டவுடன் குச்சி இரும்பிற் பிடித்துக்கொள்ளும். தமக்குத் தெரியாது என்பது உடனே தெரிந்துவிடும். மிக்கில் அப்படியல்ல. பத்து நிமிடத்தில் எவரும் அழகான ஒரு வரி இழுத்துவிடலாம். ஆனால் அடியிலுள்ள இரும்பு உருகாமலே மேலே கம்பி மட்டும் உருகிப் படிந்திருக்கக்கூடும். மேசையிற் சொட்டி உறைந்த மெழுகுபோல அது இருக்கும், ஒட்டியிருக்காது.

வாங்கும்போது

1999 இல் தொடங்கப்பட்ட ட்ரேட் மீ தளத்திலும் முகநூற் சந்தையிலும் பாவித்த இயந்திரங்கள் விலைக்கு வருகின்றன. வியாபாரி விற்றால் 1993 ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும், பொருள் பழையதாயினும். தனியாள் விற்றால் அச்சட்டம் பொருந்தாது. ஆகவே இயந்திரத்தை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். போகும்போது 3 மில்லிமீற்றர் தடித்த இரும்புத் துண்டுகள் இரண்டையும் முகமூடியையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

முதலிற் பிளக்கைப் பாருங்கள். எமது வீடுகளின் சாதாரண சொக்கற் 10 அம்பியருக்கு உரியது. 15 அம்பியர் பிளக்கின் ஏர்த் முள் அகலமானது. சாதாரண சொக்கற்றுக்குட் போகாது. அம்முள்ளை அராவி நுழைத்திருந்தால் அவ்வியந்திரத்தை வாங்காதீர்கள். சுவருக்குள் இருக்கும் வயர் சூடேறித் தீப்பற்ற இடமுண்டு. 15 அம்பியர் இயந்திரந்தான் வேண்டுமெனில், பதிவுபெற்ற மின்னியலாளரைக் கொண்டு தனிச் சொக்கற் போடுவிக்கும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

அடுத்து விசையை அழுத்திக் கம்பி தடையின்றிச் சீராக வருகிறதா என்று பாருங்கள். திக்கித் திக்கி வந்தால் ரோர்ச்சினுள்ளே கம்பி ஓடும் குழாய் அடைத்திருக்கலாம், அல்லது உருளை தேய்ந்திருக்கலாம். இவை மாற்றக்கூடியவை, விலையைக் குறைத்துக் கேட்கலாம். ரோர்ச் கழற்றி மாற்றக்கூடிய வகையா, உதிரிப்பாகம் இன்றும் கிடைக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். பின்னர் உங்கள் இரும்பில் ஒட்டிப் பாருங்கள். எரிந்த மணம் வந்தாலோ, மின்வில் அடிக்கடி அணைந்தாலோ விட்டுவிடுங்கள்.

இயந்திரத் தகட்டிலுள்ள எண்களையும் படியுங்கள். 130 அம்பியரில் 20 வீதம் என்று இருந்தால், அந்த அளவில் பத்து நிமிடத்துக்கு இரண்டு நிமிடமே ஒட்டலாம். எட்டு நிமிடம் ஆறவிட வேண்டும். மெல்லிய இரும்புக்கு மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 40 அம்பியர் என்பது பொதுக் கணக்கு. ஆகவே 3 மில்லிமீற்றருக்கு 120 அம்பியர் வேண்டும்.

வாயுவின் செலவை மறந்துவிடாதீர்கள். உருக்குக்கு ஆகனும் காபனீரொட்சைட்டும் கலந்த வாயுவே பொதுவாகப் பாவிக்கப்படுகிறது. நிமிடத்துக்குச் சுமார் 10 லீற்றர் செலவாகும். 100 லீற்றர் கொண்ட சிறு குப்பி பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். வாயு வேண்டாத, உள்ளே மருந்து அடைத்த கம்பியும் உண்டு. வெளியில், காற்றில் நின்று ஒட்டுவோருக்கு அது உகந்தது. ஆனால் அதற்கு ரோர்ச்சை எதிர்முனையிலும், வாயுவுடன் ஓடும் வெறுங்கம்பிக்கு நேர்முனையிலும் இணைக்க வேண்டும். இதை மாற்ற முடியுமா என்று வாங்குமுன் கேளுங்கள்.

ஒட்டத் தொடங்குமுன்

முதற் காசு முகமூடிக்கே. தானாக இருளும் கண்ணாடியாயினும் ஆஸ்திரேலிய–நியூசிலாந்துத் தரக்குறியீடு உள்ளதாக இருக்கட்டும். இருள் அளவு 10 அல்லது 11 போதும். மின்வில்லின் புறஊதாக் கதிர் பட்ட கண் உடனே வலிக்காது. சில மணி நேரம் கழித்து, நள்ளிரவில் மணல் விழுந்ததுபோல் எரியும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இது நேரும். அவர்களை உள்ளே அனுப்பிவிடுங்கள். பருத்தி அல்லது தோல் உடையே உகந்தது. பொலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிவிடும்.

வெல்டிங் புகை புற்றுநோயை உண்டாக்குவது என்று 2017 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது. கதவைத் திறந்து வையுங்கள். தலையைப் புகைக்கு மேலே நீட்டாதீர்கள். நாகமுலாம் பூசிய இரும்பை முலாத்தை நீக்காமல் ஒட்டினால், அப்புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் தரும். குளோரீன் கலந்த பிறேக் துப்புரவுத் திரவத்தால் இரும்பைத் துடைத்துவிட்டு ஒட்டவே கூடாது. அதிலிருந்து பொஸ்ஜீன் என்னும் கொடிய நச்சுவாயு எழும்.

இங்குள்ள வீடுகளிற் பெரும்பாலானவை மரச் சட்டத்தில் எழுந்தவை. புல்வெட்டியின் பெற்றோல், பெயின்ற் தகரம், மட்டைப்பெட்டி யாவற்றையும் அகற்றுங்கள். வாளி நீரும் தீயணைப்பானும் அருகே இருக்கட்டும். வேலை முடிந்தபின் அரை மணி நேரமாவது அங்கேயே நின்று கவனியுங்கள். வாடகை வீடாயின் வீட்டுக்காரரின் அனுமதியை முன்னரே எழுத்திற் பெறுங்கள்.

ஒட்டி, உடைத்துப் பழகுங்கள்

இரும்பிலுள்ள துருவையும் பெயின்றையும் வெளிச்சம் தெரியும்வரை தேய்த்தெடுங்கள். ரோர்ச் நுனிக்கு வெளியே கம்பி சுமார் 10 மில்லிமீற்றர் நீண்டிருக்கட்டும். வெறுங்கம்பியாயின் ரோர்ச்சை முன்னோக்கித் தள்ளலாம். மருந்துக் கம்பியாயின் பின்னோக்கி இழுக்க வேண்டும். அளவுகள் சரியாயின் கொதிக்கும் எண்ணெயில் வெங்காயம் பொரிவதுபோல் இடைவிடாத சத்தம் கேட்கும்.

பின்னர் சோதனை. 3 மில்லிமீற்றர்த் துண்டுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் ஒட்டுங்கள். ஆறியதும் வைஸில் இறுக்கி, நின்ற துண்டை ஒட்டிய பக்கமாகச் சுத்தியலால் அடித்துச் சாயுங்கள். இரும்பு வளைந்தும் இணைப்பு நின்றால் நல்லது. இணைப்பு உரிந்து, அடியிரும்பு வழுவழுப்பாகத் தெரிந்தால் அது ஒட்டவேயில்லை. அம்பியரைக் கூட்டி மறுபடியும் செய்யுங்கள்.

நாளாந்தம் நாம் கடக்கும் துறைமுகப் பாலம் 1959 இல் நான்கு ஒழுங்கைகளுடன் திறக்கப்பட்டு, 1969 இல் ஜப்பானியர் செய்து பொருத்திய உருக்குப் பெட்டி வளைகளால் எட்டு ஒழுங்கைகள் ஆயிற்று. அத்தகைய வேலைகளின் ஒட்டுகளைக் கண்ணால் மட்டும் பார்த்து எவரும் ஏற்பதில்லை. இந்நாட்டில் வெல்டர்களின் தகைமையைத் தீர்க்கும் ஏ.எஸ்./என்.இசட்.எஸ். 2980 என்னும் நியமமும், ஒட்டிய தகட்டைச் சோதித்தே ஒருவரை ஏற்கிறது. ஆதலால் ட்ரெயிலரின் இழுவைத் தண்டு, காரின் சட்டகம், பிள்ளைகளின் ஊஞ்சல், மாடிக் கைப்பிடி ஆகியவற்றைத் தகைமை பெற்றவரிடமே கொடுங்கள். படலை, பூச்சாடித் தாங்கி, விறகுத் தட்டு ஆகியவை உங்களுக்குப் போதும்.

முதல் மாதம் ஒன்றையும் செய்து முடிக்க அவசரப்படாதீர்கள். பழைய இரும்பை ஒட்டுங்கள், உடையுங்கள். பத்துத் துண்டுகள் தொடர்ந்து உடையாமல் வளைந்தால், அன்றைக்குப் படலையைக் கையில் எடுங்கள்.