பாஸ்டர் என்றொரு குடும்பப் பெயர்



நமது வெளிநோயாளர் பிரிவில் காலை ஜெபம் முடிந்தபின், நாய்க்கடிக்கு ஊசி போட வந்திருப்பவர்களின் வரிசையில் சற்று நேரம் உட்கார்ந்து பேசுவது எங்கள் வழக்கம். அங்கே ஒருநாள் ஆடு மேய்க்கும் குடும்பத்துப் பாட்டி ஒருவர், கெண்டைக்காலில் கடிபட்ட பேரனை அணைத்தபடி அமர்ந்திருந்தார். பயப்பட வேண்டாம், இந்த மருந்துக்கு லூயி பாஸ்டர் அந்தக் காலத்திலேயே வழி கண்டுபிடித்துவிட்டார் என்று செவிலியர் ஆறுதல் சொன்னார். பாட்டி உடனே எங்களைப் பார்த்து, "ஐயா, அந்த பாஸ்டர் எந்த ஊர் சபையில இருக்காரு?" என்று கேட்டார்.

வரிசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால் பாட்டியின் கேள்வி சிரித்துத் தள்ளக்கூடியது அல்ல. லூயி பாஸ்டர் எந்தச் சபைக்கும் போதகராக இருந்தவர் அல்ல; கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த ரசாயன விஞ்ஞானி. ஆயினும் அவருடைய குடும்பப் பெயரும், நாம் நம் சபைப் போதகரை அழைக்கும் "பாஸ்டர்" என்ற சொல்லும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இரண்டுக்கும் மூலம் லத்தீன் மொழியில் மேய்ப்பனைக் குறிக்கும் "பாஸ்தோர்" என்ற சொல். மேய்ப்பது, தீனி கொடுப்பது என்ற வினையிலிருந்து அது பிறந்தது. லத்தீன் மொழியில் ஒரு பெயர்ச்சொல் எழுவாயாக வரும்போது ஒரு வடிவமும், செயப்படுபொருளாக வரும்போது வேறொரு வடிவமும் கொள்ளும். அந்த இரண்டு வடிவங்களும் பிரெஞ்சு மொழிக்குள் தனித்தனியே இறங்கின. ஒன்று "பாத்ர்" ஆயிற்று, மற்றது "பாஸ்தர்" ஆயிற்று. பொருள் இரண்டுக்கும் மேய்ப்பன்தான். இதைப் படித்தபோது நம் தமிழ்ச் சபைகளில் வழங்கும் "ஆயர்" என்ற சொல்லை நினைத்துக்கொண்டோம். பழந்தமிழில் ஆநிரை மேய்ப்பவர்கள் ஆயர். இன்று திருச்சபையை நடத்துகிறவரும் ஆயர். அங்கும் இங்கும் சொல் நடந்து வந்த பாதை ஒன்றே.

பிரான்சில் குடும்பப் பெயர்கள் 11ஆம் நூற்றாண்டு தொடங்கி மெல்ல மெல்ல நிலைபெற்றன. கொல்லன், தச்சன், மேய்ப்பன் என்று தொழிலால் அழைக்கப்பட்டவனுடைய பெயர், தொழில் மாறிய பிறகும் பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டது. 1539ஆம் ஆண்டு அரசர் முதலாம் பிரான்சுவா, கோயில்தோறும் ஞானஸ்நானப் பதிவேடு வைக்கவேண்டும் என்று கட்டளையிட்டார். அதன்பின் பெயர்கள் மேலும் உறுதிப்பட்டன. புராட்டஸ்டண்டு போதகர்களைப் பிரெஞ்சுக்காரர் "பாஸ்தர்" என்று அழைக்கத் தொடங்கியது சீர்திருத்தக் காலத்துக்குப் பிறகுதான். இந்தக் குடும்பப் பெயரின் வேர் அதற்கும் முந்தியது. ஆகவே பாஸ்டர் வம்சத்தின் முன்னோர் யாரோ ஒருவர் பிரசங்கபீடத்தில் நின்றவர் என்று எண்ணவேண்டாம். மலைச்சரிவில் மந்தையோடு நின்றவர் என்பதே பொருத்தம்.

அப்படியானால் மேய்ப்பர்கள் நிறைந்த அந்த நாட்டில் இந்தப் பெயர் ஏன் அரிதாயிற்று? காரணம் எளியது. பேச்சு வழக்கில் ஆட்டு மேய்ப்பனுக்கு "பெர்ஷே" என்ற வேறொரு சொல் வந்து ஆட்சி பிடித்துக்கொண்டது. "பெர்ஷே" இன்று பிரான்சில் எங்கும் காணப்படும் குடும்பப் பெயர். "பாஸ்தர்" என்ற சொல்லோ புத்தகத்துக்கும் கோயிலுக்கும் உரியதாக ஒதுங்கிவிட்டது. தென்பகுதியில் பாஸ்த்ர், பாஸ்தோர் என்ற வடிவங்களும், "சின்ன மேய்ப்பன்" என்று பொருள்படும் பாஸ்தூரோ என்ற பெயரும் உண்டு.

லூயி பாஸ்டரின் வம்சம், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய யூரா மலைப்பகுதியைச் சேர்ந்தது. பிரான்சிலேயே கடுங்குளிருக்குப் பேர்போன ஊர்களில் ஒன்றான மூத் என்ற ஊரின் பழைய கோயில் பதிவேடுகளில், 17ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்டர் என்ற பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. அவர்கள் அங்கிருந்த மடத்துக்குக் கட்டுப்பட்ட குடிகள். பின்னர் ஒரு கிளை லெமுயி என்ற ஊருக்குப் போய், அங்கே ஒரு பிரபுவுக்குக் கீழ் மாவு ஆலை நடத்திற்று.

இங்கே நம் ஆதரவாளர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. அவர்கள் சுதந்தர மனிதர் அல்லர், பண்ணையடிமைகள். அந்நாட்டு வழக்கத்துக்கு "இறந்த கை" என்று பெயர். தன்னோடு ஒரே வீட்டில் வாழும் பிள்ளைகள் இல்லாமல் அடிமை இறந்தால், அவன் சம்பாதித்ததெல்லாம் பிரபுவைச் சேரும். உயில் எழுதிவைக்க அவன் கைக்கு உரிமை இல்லை. 1763ஆம் ஆண்டு மார்ச் மாதம், லூயியின் பூட்டனாரான கிளோத் எத்தியேன் பாஸ்டர், சலேன் என்ற ஊரில் அரசு நோட்டரி முன்பாக நான்கு பொன் நாணயங்களை எண்ணி வைத்துத் தம்மையும் தமக்குப் பிறக்கும் சந்ததியையும் பிரபுவிடமிருந்து விடுவித்துக்கொண்டார். நாணயம் ஒன்று 24 லீவர். மொத்தம் 96 லீவர். மீட்கும்பொருள் என்று நாம் வேதத்தில் வாசிக்கிறோம். அங்கே அது ரசீது எழுதி வாங்கிய காரியம்.

கிளோத் எத்தியேன் தோல் பதனிடும் தொழில் செய்தார். பேரனும் அதே தொழில். அந்தப் பேரனின் மகனாக லூயி 1822 டிசம்பர் 27 அன்று தோல் என்ற ஊரில் பிறந்தார். (ஊரின் பெயரே அது, தமிழ்க் காதுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும்.)

1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டதைப் பலரும் அறிவர். அடுத்து வந்தவனை அதிகம் பேர் அறியார். அவன் பெயர் ஜான் பாப்டிஸ்ட் ஷூப்பீ. பாஸ்டரின் சொந்த யூரா பகுதியில், வில்லெர் ஃபார்லே என்ற கிராமத்தில் ஆடுமாடு மேய்த்தவன், வயது 15. அக்டோபர் மாதம் மேய்ச்சல் வெளியில் வெறிநாய் ஒன்று பாய்ந்து வந்தது. கூட இருந்த சிறுவர்கள் சிதறி ஓடினார்கள். இவன் மட்டும் ஓடவில்லை. அவர்கள் தப்பட்டும் என்று நாயை எதிர்கொண்டான். நாய் அவன் இடது கையைக் கவ்விக்கொண்டது. அவன் அதைத் தரையில் அழுத்தி, சாட்டை வாரால் வாயைக் கட்டி, தன் மரக்காலணியால் அடித்தான். கைகள் இரண்டும் கடிபட்டுக் கிழிந்தன. ஆறு நாள் கழித்து பாரிசில் சிகிச்சை தொடங்கியது, பிழைத்தான். யோவான் 10ஆம் அதிகாரத்தில் ஓநாய் வரும்போது ஓடுகிறவனையும் ஓடாதவனையும் குறித்து வாசிக்கிறோம் அல்லவா? நாயோடு போராடும் அந்த மேய்ப்பச் சிறுவனின் சிலை பாரிசிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் நிற்கிறது. வளர்ந்தபின் அவன் அதே நிலையத்தில் வாயிற்காவலராகப் பணிசெய்தான்.

அந்த நிலையம் 1888 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது. பொதுமக்களிடம் திரட்டிய 20 லட்சம் பிராங்குக்கும் அதிகமான நன்கொடையே அதற்கு அஸ்திவாரம். ரஷ்யச் சக்கரவர்த்தியும் கொடுத்தார், சிறுவன் ஜோசப் மைஸ்டரும் கொடுத்தான்.

லூயியின் பிள்ளைகள் ஐவரில் மூன்று பெண்கள் சிறுவயதிலேயே இறந்தார்கள். அவர்களில் இருவரைக் கொண்டுபோனது டைபாய்டு. ஒரே மகனுக்குச் சந்ததி இல்லை. இப்படியாக ஆண்வழியில் அவருடைய பெயர் நின்றுபோயிற்று. ஆனால் பிரான்சில் ஏராளமான ஊர்களில் தெருக்களுக்கு அவர் பெயர். வியட்நாமில் ஹோ சி மின் நகரத்திலும் ஒரு பாஸ்டர் தெரு உண்டு. பால் பாக்கெட்டில் "பாஸ்சுரைஸ்டு" என்று படிக்கும்போது நாமும் அந்த மேய்ப்பனின் பெயரையே உச்சரிக்கிறோம்.

நம் நீலகிரியில் குன்னூரிலும் 1907 முதல் அவர் பெயரால் ஒரு நிலையம் இருக்கிறது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கரின் நன்கொடை அதற்கு உதவிற்று. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று நம் பெரியவர்கள் நடுங்கிச் சொல்லும் அந்தப் பழைய மருந்து ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்டது. இப்போது அது இல்லை. புதிய மருந்தைக் கையில்தான் போடுகிறோம். கடித்தவுடன் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு வரும்படி ஊர் ஊராகச் சொல்லிவருகிறோம். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் அன்று பாட்டியிடம் சுருக்கமாகச் சொன்னோம். அவர் கேட்டுவிட்டு, "அப்போ நம்ம ஆளுதான்" என்றார். பேரன் தவணை தவறாமல் வந்து கடைசி ஊசியையும் போட்டுக்கொண்டான். அன்றைக்கும் பாட்டி வாசலிலேயே நின்றார். வெளியே ஆடுகள் இருந்தன.