அணை திறக்குமுன் கடைக்குத் தகவல் - சூரத் காட்டும் வழி

சூரத் என்றதும் நம் ஊர் ஜவுளிக் கடைக்காரர்களுக்குச் சேலை நினைவுக்கு வரும். மளிகைக்காரர்களாகிய நமக்கு அந்த ஊரோடு கொடுக்கல் வாங்கல் குறைவுதான். ஆனாலும் வெள்ளத்தைச் சமாளிக்க அங்கே செய்த ஏற்பாட்டை, அரிசி மூட்டையைத் தரையோடு அடுக்கி வைத்திருக்கும் ஒவ்வொரு வியாபாரியும் தெரிந்துகொள்வது நல்லது.

தபதி ஆறு சூரத் நகருக்குள் ஓடி, சற்றுத் தொலைவில் கடலில் கலக்கிறது. நகருக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டரில் உகாய் அணை இருக்கிறது. 2006 ஆகஸ்டில் மேற்குப்புற மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் கொட்டிய மழையால் அணை நிரம்பி, விநாடிக்கு 9 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் திறந்துவிட வேண்டியதாயிற்று. நகரின் பெரும்பகுதி மூழ்கியது. ஜவுளி மார்க்கெட்டுகளின் கீழ்த்தளங்களில் இருந்த சரக்கு சேறானது. அணைத் தண்ணீர் நகருக்கு வந்து சேர ஒரு நாள்கூட ஆகாது. அதற்குள் எத்தனை பேலைத்தான் மாடிக்கு ஏற்றுவது? சுமைதூக்கும் தொழிலாளியும் அவர் வீட்டைப் பார்க்க ஓட வேண்டுமல்லவா?

அணை அதிகாரிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் மழைக்காலம் முடியும்போது அணை நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்கவோ அணையில் காலியிடம் வேண்டும். தீபாவளிக்கு முன் கிட்டங்கியை நிரப்பிவிட்டு, வாசலில் இன்னொரு லாரி வந்து நின்றால் எங்கே இறக்குவது என்று விழிப்பதைப் போன்றதுதான் இது. எப்போது எவ்வளவு காலி செய்வது என்பதற்கு, வரப்போகும் மழை முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

இங்கேதான் ஒரு துறைக்காரரால் தீராத சிக்கல் வருகிறது. அணையை அறிந்தவர் பாசனப் பொறியாளர். மழையை அறிந்தவர் வானிலைக்காரர். கடலில் ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் வடியாது. அந்தக் கணக்கு வேறு. எந்தத் தெரு தாழ்வு என்பது மாநகராட்சிக்குத் தெரியும். வெள்ளம் வடிந்தபின் எலிக்காய்ச்சல் பரவியது. அதை அறிந்தவர் மருத்துவர். எந்தக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் என்ன சரக்கு கிடக்கிறது என்பதோ வணிகருக்கு மட்டுமே தெரியும்!

2008-க்குப் பின், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு ஆசிய நகரங்கள் சிலவற்றில் நடந்த ஆய்வில் சூரத்தும் சேர்ந்தது. அதில் நம் கவனத்துக்குரிய செய்தி, தென் குஜராத் வர்த்தக, தொழிற் சபை மாநகராட்சியோடும் பொறியியல் பேராசிரியர்களோடும் ஒரே மேசையில் உட்கார்ந்ததுதான். 2012-ல் இதற்கென ஒரு டிரஸ்டே பதிவாயிற்று. அணைக்கு மேலே பெய்யும் மழையை அளந்து, அணைக்கு வரும் நீரைக் கணக்கிட்டு, நகரில் எந்தப் பகுதியில் தண்ணீர் ஏறும் என்று முன்னதாகச் சொல்லும் ஏற்பாடு உருவானது. பின்னாளில் நகரின் தாக்குப்பிடிப்புத் திட்டத்துக்குத் தலைமை அதிகாரியாக இருந்த கமலேஷ் யாக்னிக், அந்த வர்த்தக சபையிலிருந்து வந்தவரே.

வணிகர்கள் ஏன் இவ்வளவு முனைந்தார்கள் என்று கேட்கலாம். 1994-ல் பிளேக் பீதியில் ஊரே காலியானதை அவர்கள் பார்த்தவர்கள். ஊரின் பெயர் கெட்டால் சரக்கு விலை போகாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அதன்பின் ஆணையர் எஸ்.ஆர். ராவ் காலத்தில் குப்பை அகற்றலில் நகரம் தலைகீழாக மாறியதும் அவர்கள் கண்முன்னே நடந்ததுதான்.

2015 டிசம்பரில் சென்னையும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களும் பட்டதை நம் உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! அதுபோன்ற மழைக்கு எந்த ஏற்பாடும் முழுப் பாதுகாப்பு தராது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும், இத்தனை கன அடி திறக்கப்படுகிறது என்று செய்தியில் சொன்னால் பருப்புக் கடைக்காரருக்கு என்ன விளங்கும்? உங்கள் தெருவில் இடுப்பளவு வரும் என்று சொன்னால் சர்க்கரையும் மாவும் முதலில் மேலே போகும். எண்ணெய் டின் காத்திருக்கும். வியாபாரிக்கு வேண்டியது அடிக்கணக்கே தவிர, கன அடிக் கணக்கு அல்ல.

இதைக் கேட்டுப் பெற, நாமும் கொடுக்க வேண்டியது ஒன்று உண்டு. கடை, கிட்டங்கியின் தரைமட்டம் சாலையைவிட எவ்வளவு உயரம், கடந்த வெள்ளத்தில் சுவரில் எதுவரை தண்ணீர் நின்றது, என்ன சரக்கு வைக்கிறோம் என்ற விவரத்தை ஒவ்வொரு கிளைச் சங்கமும் தெருவாரியாகத் திரட்டினால், மாவட்ட ஆட்சியரிடமும் அருகிலுள்ள பொறியியல் கல்லூரியிடமும் கொடுத்துப் பேசலாம். சுவரில் சேற்றுக் கோடு இன்னும் இருக்கும் கடைகளில் வெள்ளையடிக்குமுன் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு பாலிசியில் வெள்ளச் சேதமும் சேர்ந்திருக்கிறதா, கீழ்த்தளச் சரக்குக்கும் அது பொருந்துமா என்பதை ஐப்பசிக்கு முன்பே ஏஜெண்டிடம் கேட்டு, எழுத்தில் வாங்கி வையுங்கள்.