ஆட்டமின்றிக் கமோடு பொருத்தும் முறை

2014ஆம் ஆண்டில் தூய்மை பாரத இயக்கம் தொடங்கப்பெற்ற பின்னர்ச் சிற்றூர்களில் கழிப்பிடங்கள் பெருகியுள்ளன. குந்தி அமர இயலாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவும் பொருட்டு, வீடுகளிலும் ஊராட்சிக் கட்டடங்களிலும் கமோடு அமைக்கும் வழக்கமும் பரவி வருகிறது. ஆனால், பொருத்திய சில திங்களிலேயே அது ஆடுவதும், அடியில் நீர் கசிவதும், நாற்றம் வீசுவதும் உண்டு. ஆடும் கமோட்டில் அமர முதியோர் அஞ்சுவர். மீண்டும் இருளில் வயல்வெளியை நாடுவர். செலவிட்ட பணமும் வீணாகும்.

குறையின் காரணம்

கழுவிய நீர் வடிந்தோடக் கழிப்பறைத் தரையைச் சற்றுச் சரிவாக அமைப்பது முறையே. அத்துடன் டைல்ஸ்களும் ஏற்றத்தாழ்வாகப் பதிந்திருப்பின், கமோட்டின் அடிப்பாகம் இரண்டு மூன்று இடங்களில் மட்டுமே ஊன்றி நிற்கும். அமர்பவரின் எடை பக்கம் மாறுந்தோறும் அது அசையும். அதனுடன் அடியிலுள்ள குழாய் இணைப்பும் அசைந்து தளரும். கமோட்டின் வளைவில் தேங்கும் நீர், குழாயிலுள்ள கெட்ட காற்றைத் தடுத்து நிற்கிறது. இணைப்பு தளர்ந்துவிட்டாலோ, அக்காற்று தேங்கிய நீரைக் கடக்காமல் அடிவழியே வெளிப்படும்.

திருகாணியை இறுக்கி ஆட்டத்தை நிறுத்த முயல்வது தவறு. அடியில் வெற்றிடம் இருக்கையில் இறுக்கினால் பீங்கான் விரிசல் காணும். ஆட்டத்தை முதலில் நீக்கி, அதன் பின்னரே இறுக்குதல் வேண்டும்.

செய்முறை

1. பசையோ சிமெண்டோ இடாமல், கமோட்டை அதற்குரிய இடத்தில் வைத்து, விளிம்பின் மீது குறுக்கும் நெடுக்குமாக ரசமட்டம் வைத்துப் பார்க்கவும். தாழ்ந்த பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் ஆப்புகளைச் செருகவும். மரத்துண்டும் அட்டையும் ஈரத்தில் மக்கிவிடும். ஆகவே அவை கூடா.

2. கையால் அழுத்தியும் ஆடாத நிலை வந்ததும், ஆப்புகளின் இடத்தையும் திருகாணித் துளைகளையும் குறித்துக்கொண்டு கமோட்டை அகற்றவும். டைல்ஸின் மீது ஒட்டுத்தாளை ஒட்டி மெதுவாகத் துளையிட்டால், கருவி வழுக்காது, டைல்ஸும் உடையாது.

3. குழாயின் வாயைத் துடைத்து, ரப்பர் இணைப்பைப் பொருத்தவும். பழைய தரையின் மீது புது டைல்ஸ் பதித்த இடங்களில் குழாயின் வாய் தாழ்ந்து போயிருக்கும். அங்கு நீளமான இணைப்பு தேவை.

4. கமோட்டை நேராக இறக்கி வைத்து, திருகாணியின் தலைக்கடியில் வாசர் இட்டு, இருபுறமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்கவும். அசைவு நின்றதும் நிறுத்திவிடவும்.

5. பூசுவதற்கு முன் சோதனை இன்றியமையாதது. அடியைச் சுற்றி உலர்ந்த செய்தித்தாளை வைத்து, ஐந்தாறு வாளி நீரை ஊற்றவும். தாள் நனைந்தால் இணைப்பைப் பிரித்துச் சரிசெய்க. வெளிப்பூச்சு கசிவை மறைக்குமேயன்றித் தடுக்காது.

6. ஆப்புகளின் வெளிநீட்சியை வெட்டிவிட்டு, அகன்ற இடைவெளியில் வெள்ளைச் சிமெண்டும், குறுகிய இடைவெளியில் சிலிக்கோன் பசையும் இடவும். முழுவதும் சிமெண்டாயின், பின்னர்ப் பழுது பார்க்கக் கழற்றும்போது பீங்கான் உடைய நேரும். பின்புறத்தில் இரண்டு அங்குலம் பூசாமல் விடுக. என்றேனும் கசிவு ஏற்பட்டால் நீர் அவ்வழியே வெளிவந்து நம்மை எச்சரிக்கும். பசை உலர ஒரு நாள் முழுதும் விடுதல் நன்று.

ஊராட்சி உறுப்பினர் கவனத்திற்கு

பளபளக்கும் பூச்சைக் கண்டு வேலை முடிந்ததென்று ஏற்றல் ஆகாது. கொத்தனார் பூசுமுன் நேரில் சென்று, கமோட்டின் இருபுறமும் அழுத்திப் பாருங்கள். நீர் ஊற்றிச் சோதிக்கச் செய்யுங்கள். பட்டியலுக்குப் பணம் வழங்குவது அதன் பின்னர் இருக்கட்டும். அரை மணி நேரச் சோதனை, ஊரிலுள்ள முதியோர் பல்லாண்டு அச்சமின்றி அமர வழி செய்யும்.