சக்கரத்தின் நடு ஓட்டை சரிதானா?

பெங்களூர், ஜே.சி. ரோடு. தவணையில் கார் வாங்கி வாடகைக்கு ஓட்டும் தமிழர் ஒருவர், தன் மாருதி ஸ்விப்டுக்கு இங்கே அலாய் சக்கரம் மாட்டினார். ஓசூர் ரோட்டில் வேகம் 80ஐத் தொட்டதும் ஸ்டியரிங் உதறியது. இரண்டு முறை பாலன்சிங் செய்தார், பணம்தான் போயிற்று.

கோளாறு நடு ஓட்டையில் இருந்தது. ஸ்விப்டின் ஹப் 54.1 மில்லிமீட்டர். பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று, வெளியில் விற்கும் சக்கரங்களில் 73.1 வரை ஓட்டை விடுகிறார்கள். போல்ட் நான்கும் சேர்ந்தாலும், முடுக்குவதில் சிறிது பிசகினால் சக்கரம் மையம் விலகும். நட்டு தளர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

பரிகாரம் எளிது. உள்ளே 54.1, வெளியே 73.1 அளவுள்ள வளையத்தை இடையில் போட வேண்டும். ஹோண்டா சிட்டிக்கு 56.1, ஒன்றின் வளையம் மற்றதற்கு உதவாது. ஓட்டை ஹப்பைவிடச் சிறிதானால் அந்தச் சக்கரமே வேண்டாம்.

காரை ஜாக்கியில் தூக்கி, நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும்.

அந்த டிரைவர் வளையம் போட்டார். உதறல் நின்றது. இப்போது பயணிகளும் முகம் சுளிப்பதில்லை, தவணையும் தவறுவதில்லை.